கொல்லையில் கொதித்த நண்டு

"இன்னாது இது? நம்ம வீட்டுக் கொல்லையில நண்டா?"

குர்ஷித் போட்ட சத்தத்தில் கூரைமேல் இருந்த காக்கா பறந்தது. ஆம்பூரில் இருக்கிற தம்பி வீட்டுக்கு வாணியம்பாடியிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியிருந்தாள். புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் மூக்கு கண்டுபிடித்துவிட்டது.

தம்பி மனைவி அஃப்ஸர் ஜஹான் கரண்டியும் கையுமாக எழுந்து நின்றாள். மூன்று செங்கல் வைத்து மூட்டிய அடுப்பில் ஒரு மண்சட்டி. இடித்த மிளகும் சீரகமும் பூண்டுமாக நண்டுச் சாறு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

கோபம் வராதா பின்னே? மீன் என்றால் அந்த வீட்டில் தட்டு நிறைய சாப்பிடுவார்கள். நண்டு மட்டும் கூடாது. அது மார்க்கத்தில் ஆகாது என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் யாரும் வாயில் வைத்ததில்லை.

"நமக்கு இல்ல ஆபா. பக்கத்து வீட்டுப் பொன்மலருக்கு. குழந்தை பொறந்ததிலேர்ந்து மார்ச்சளி கட்டிப் படுத்துக் கிடக்குறா. சத்தா ஏதாவது உள்ள போனாத்தான் பால் ஊறும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. அவ புருஷன் மெட்ராஸ் ரயில்ல கடல் நண்டு வரவழைச்சுக் குடுத்தான்."

"வரவழைச்சவனே ஆக்கிப் போடறது! அவங்க வீட்ல அடுப்பு இல்லியா?"

"விடியறதுக்குள்ள தோல் ஷாப்புக்குப் போறவன் பொழுது சாய்ஞ்சுதான் வர்றான். வேற ஆள் இல்ல ஆபா."

"ஞாயித்துக்கிழமையானா அவங்க மாதா கோயில்ல அத்தனை பொம்பளைங்க கூடிப் பாடுறாங்களே, ஒருத்திக்குக்கூடக் கை இல்லாம போச்சா?"

"காசமா இருக்குமோன்னு பயந்துக்கிட்டு யாரும் வாசப்படி ஏற மாட்டேங்கிறாங்க."

"அதான் ஏமாளி நீ ஒருத்தி கிடைச்சே! நல்லா ஏய்க்கிறாங்க உன்னை."

"அவ கேக்கல ஆபா. நானாத்தான் செய்யறேன்."

குர்ஷித் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "சரி, குடிக்கிறாளா?"

அஃப்ஸர் தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"முந்தாநாள் குடுத்தது அப்படியே திரும்பி வந்துச்சு. நேத்து ரெண்டு வாய்க்கு மேல இறங்கல. ஏன்டின்னு கேட்டா, 'நல்லாருக்குக்கா, வயிறு நெறைஞ்சிடுச்சு'ங்கிறா. பச்சைக் குழந்தை பாலுக்குக் கத்துது ஆபா. இப்படியே போனா ரெண்டு உயிரும் தங்காது."

அவ்வளவுதான். குர்ஷித்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"பாத்தியா திமிரை! நீ மூக்கைப் பொத்திக்கிட்டு, ஓட்டை உடைச்சுக் கழுவி, ஆகாததை எல்லாம் ஆக்கிக் குடுக்குற. மகாராணிக்கு இறங்கலியாமா? பெத்த பிள்ளை அழுவறது காதுல விழலியா அவளுக்கு? இன்னிக்கு நான் கேக்குறேன் அவளை!"

பழந்துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கினாள்.

"ஆபா, வேணாம்! கீழ கொட்டிடாதீங்க!"

"கொட்டுவேன், இல்ல அவ தலையிலயே கவுப்பேன். நீ பின்னாடி வராத. வந்தேன்னா, தம்பிகிட்டச் சொல்லி உன்னை உங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன், ஆமா!"

கொல்லைக் கதவைக் காலால் தள்ளிக்கொண்டு போனாள். அஃப்ஸர் அப்படியே அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஆபா சொன்னால் சொன்னதுதான், செய்யாமல் விட மாட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குரல் இடித்தது.

"எழுந்து உக்காரு! இன்னா நடிப்பு இதெல்லாம்? தொற வாயை!"

குழந்தை வீரிட்டது. பொன்மலர் என்னவோ சொன்னாள், காதில் விழவில்லை. அப்புறம் ஒரே இருமல். பிறகு சத்தமே இல்லை. கால் மணி நேரம் ஆகியும் சட்டி திரும்பி வரவில்லை.

அம்மா வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும் என்று அஃப்ஸர் ஓடினாள்.

பொன்மலர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. கையில் இருந்த கிண்ணம் காலி. குழந்தை குர்ஷித்தின் மடியில் கிடந்தது. சட்டி அந்த வீட்டு அடுப்பில் ஏறியிருந்தது.

"வந்துட்டியா, வா!" குர்ஷித்தின் குரல் இன்னும் இறங்கவில்லை. "ஆளைக் கொல்லப் பாத்தியேடி! கடல் நண்டு ஓட்டோட வேகும்போது அதுவே உப்பை விடுது. நீ வேற மீனுக்குப் போடுற கணக்கா கைநெறைய அள்ளிப் போட்டிருக்க. தொண்டை வெந்துபோன பொம்பளை இதை எப்படி முழுங்குவா?"

அஃப்ஸர் திகைத்துப்போய்ப் பொன்மலரைப் பார்த்தாள். "உப்பா? ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிக்கா சொல்லுவேன்? உங்க வாயில வெக்கக் கூடாததை எனக்காக ஆக்கித் தர்றீங்க. அதுல போய் உப்பு ஜாஸ்தின்னு சொன்னா என் நாக்கு அழுவிப்போவாதா?"

"நல்லா இருக்குதுங்க ரெண்டும்! ஒருத்திக்குத் தெரியாது, ஒருத்தி சொல்ல மாட்டா. நடுவுல இந்தக் குழந்தை சாவணுமா?" குர்ஷித் பொரிந்து தள்ளினாள். "பாதியை இறுத்துட்டு, வெந்நீர் ஊத்தி மறுபடி கொதிக்கவிட்டேன். இப்பதான் சரியா இருக்குது. ஒரு கிண்ணம் முழுசா குடிச்சா."

அஃப்ஸருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆபா... முன்ன உப்புக் கரிச்சதும், இப்ப சரியா இருக்குறதும் உங்களுக்கு எப்படி...?"

குர்ஷித் முந்தானையை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன். இவ எழுந்து நடக்குற வரைக்கும் நான்தான் ஆக்குவேன், நீ இந்தச் சட்டிகிட்ட வராத. பாவம் ஒருத்தியோட போவட்டும்!"