நேற்று வந்த இலை

மூக்கு வைத்த வெள்ளிச் செம்பான கிண்டி ஒன்று காணாமல் போனதற்காக, கரமனை அக்ரகாரத்து ஆண்கள் வாழையிலை விற்கும் வேலுவின் கைகளைச் சேர்த்துக் கட்டி அடித்தார்கள். மறுநாள் கிண்டி, சொந்தக்காரர் வீட்டு நெற்குதிருக்குள்ளேயே கிடைத்தது. அதற்குள் வேலுவை ஜட்காவில் ஏற்றித் தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

அன்று அதே அக்ரகாரத்தில் பாகீரதி கணவன் ஹரிஹரனுக்கு இலை போட்டாள். வேலு நேற்றுக் காலையில் கொடுத்த இலை.

“ஏன்னா, நேத்து நீங்களும் அங்க இருந்தேளா?”

ஹரிஹரன் சிரித்தான். “நன்னாருக்கு! நான் ஆபீஸ் விட்டு வரச்சயே எல்லாம் கழிஞ்சுடுத்து, கேட்டியா. ஈ அடிக்கக்கூட நேக்குக் கை வராதுன்னு நோக்குத் தெரியாதா?”

கல்யாணமான நாள்முதல் அவன் சொன்ன எதையும் அவள் சந்தேகித்ததில்லை. சாதம் போட்டு, சாம்பார் விட்டாள்.

அவன் முதல் கவளத்தை எடுத்தான். வலது கை உயர்ந்தபோது, மடியிலிருந்த இடது கையும் கூடவே உயர்ந்தது. மணிக்கட்டுகள் இரண்டும் ஒட்டியிருந்தன. இழுத்துப் பார்த்தான்; பிரியவில்லை.

“மரத்துப் போயிருக்கும்,” என்றான்.

“சத்தியமா நீங்க அங்க இல்லையே?”

“இல்லேன்னு சொன்னேனேடீ.”

கயிறு எதுவும் இல்லாத அந்த மணிக்கட்டுகளைச் சுற்றித் தோல் இன்னும் கொஞ்சம் உள்ளே அமுங்கியது.