பதினெட்டு என்றால் உயிர்

“என்னா சார், இன்னிக்கும் டோக்கனை மாத்திட்டீங்களா?”

சக்கரபாணிக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்டர் பிரசாத் கிளினிக்கில் காலையிலிருந்து டோக்கன் கொடுத்து, அதே நம்பர் போட்டு டாக்டருக்குப் பேரும் நோயும் சீட்டில் எழுதி வைப்பதும், சாயங்காலம் டாக்டர் வந்ததும் வரிசையாக உள்ளே அனுப்புவதும் அவன் வேலை. அந்த வரிசையைக் குலைப்பதற்கென்றே ஒருத்தர் இருந்தார், சீமோன் சார்.

இஸ்ரேல்காரர். மலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர், பத்து வருஷமாக இதே ஊரில் தங்கிவிட்டார். முட்டிவலிக்கு வரும்போதெல்லாம் முதல் ஆளாக வந்து நல்ல நம்பராக வாங்கிக்கொள்வார். சாயங்காலம் பார்த்தால் கையில் வேறு நம்பர் இருக்கும்.

கேட்டால் விளக்கம் வேறு.

“எங்க ஹீப்ரு பாஷையில ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நம்பர் சக்கரபாணி. எல்லாத்தையும் கூட்டினா அந்த வார்த்தையோட நம்பர். நாப்பத்தொண்ணுன்னா அம்மா. எனக்கு அதான் வேணும்.”

போன தடவை அந்த நாற்பத்தொன்றை மாற்றி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். டாக்டர் மேஜையில் இருந்த அந்த நம்பர் சீட்டைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை.

“எத்தனாவது மாசம்?” என்று கேட்டுவிட்டார்.

வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னொரு தடவை சீட்டு மாறுச்சுன்னா நீ வேற வேலை பாத்துக்க” என்று சக்கரபாணியிடம் சொல்லிவிட்டார்.

அதனால் இன்று காலையில் சக்கரபாணி ஒரு யோசனை செய்திருந்தான்.

“உங்க பாஷையில ரொம்ப ஒசத்தியான நம்பர் எது சார்?”

“பதினெட்டு. உயிர்னு அர்த்தம்.”

“இந்தாங்க, பதினெட்டு. இதை யார்கிட்டயும் மாத்தாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

சந்தோஷமாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவர்தான். இப்போது அவர் கையில் நாற்பத்து நாலு இருக்கிறது.

“உயிரையே குடுத்தனே சார்!”

“நாப்பத்தி நாலுன்னா குழந்தை. அதான்...”

“நீங்க அர்த்தம் பாக்கறதுல என் பொழப்பு போயிடும். யார்கிட்ட மாத்துனீங்க? நான் போய் வாங்கியாறேன்.”

பதினேழாவது ஆள் உள்ளே போயிருந்தான். சக்கரபாணி அவசர அவசரமாக ஒவ்வொரு பெஞ்சாகப் பதினெட்டைத் தேடினான். அது கடைசி பெஞ்சில், ராஜம்மாள் கையில் இருந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மத்தியானம்தான் வந்து சேர்ந்தவள். அவள் தோளில் குழந்தை காய்ச்சலில் துவண்டு கிடந்தது.

சக்கரபாணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். போன தடவை நாற்பத்தொன்றை வைத்திருந்தது நிறைமாசக் கன்னியம்மாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளே மணி அடித்தது.

“பதினெட்டு நீதானம்மா, போ” என்றான். இரண்டு சீட்டிலும் நம்பரை அடித்துத் திருத்தி எழுதி, அவளுடையதை டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு வந்தான். அரை நிமிஷ வேலை. இதைப் போன தடவையே செய்திருக்கலாம்.

பிறகு சீமோன் சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“சும்மா குடுத்துட்டுப் போறதுதானே சார். அதுக்கு எதுக்கு இவ்ளோ கணக்கு?”

“சும்மா குடுத்தா வாங்க மாட்டேன்றாங்க. ‘நீங்க பெரியவரு, நீங்க முன்னாடி போங்க’ன்றாங்க. எனக்கு அந்த நம்பர்தான் வேணும்னு கெஞ்சினா, பாவம்னு உடனே குடுத்துடறாங்க.”

சக்கரபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம்.

“சரி சார், அந்தப் பொண்ணு கையில நாப்பத்தஞ்சு இருந்திருந்தா?”

சீமோன் சார் யோசிக்கவே இல்லை.

“நாப்பத்தஞ்சுன்னா மனுஷன்.”