விக்கலுக்கு முதலிடம்

எட்டாவது இடமும் அவருடையது இல்லை.

பாடகர் வானொலிப் பெட்டியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டார். கிட்டத்தில் வைத்தால் பெயர் வந்துவிடும் என்பதுபோல.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அந்த வாரம் அதிகம் விற்ற பத்துப் பாட்டுகளை அறிவிப்பாளர் கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டிருந்தார். மேசைக்கு எதிரே மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவர் பத்தாவது இடத்தில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தார். இந்த வாரமும் பட்டியலில் இருந்தால் பாட இரண்டாவதாக ஒரு பாட்டு கிடைக்கும். இல்லாவிட்டால் பழையபடி பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு. இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்தில் அவர் குரலைக் கேட்டு யாரும் கைதட்டியதில்லை. ஓடத்தான் ஓடினார்கள்.

பத்தில் இல்லை, ஒன்பதில் இல்லை, எட்டில் இல்லை. அப்படியென்றால் மேலே ஏறியிருக்க வேண்டும். நம்பிக்கை போடும் கணக்கு எப்போதும் இப்படித்தான்.

"மேலதாங்க இருக்கும்," என்றாள் மனைவி, பீன்ஸிடம்.

சிக்கல் என்னவென்றால், பாட்டு ஒன்று, தொண்டை இரண்டு. அவர் பாடிய தட்டு கடைக்கு வருவதற்குள் இன்னொரு கம்பெனிக்காரன் மோப்பம் பிடித்துவிட்டான். அதே பாட்டை 'இளந்தென்றல்' என்று ஊரே கொண்டாடும் பையனை வைத்துப் பாடவைத்து, அதே வாரம் இறக்கிவிட்டான். அதே மெட்டு, அதே வார்த்தை, மேளக்காரர்கூட அதே மேளக்காரர். பட்டியல்காரர்கள் நியாயவான்கள்; இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள். போன வாரம் தென்றல் நான்காவது இடத்தில் வீசியது.

ஏழு யாரோ. ஆறு யாரோ. ஐந்தில் ஒரு குழந்தைப் பாட்டு.

அவர் தன் தட்டை இதுவரை கேட்டதில்லை. வீட்டில் தட்டு சுழற்றும் பெட்டி கிடையாது. வானொலியில் முதலிடத்தை மட்டும்தான் முழுதாகப் போடுவார்கள். மற்றவர்களுக்குப் பெயரோடு சரி.

மனைவி மட்டும் கேட்டிருந்தாள். இரண்டு கம்பெனிக்கும் தட்டு அடித்துக்கொடுக்கிற ஆலையில்தான் அவளுக்கு வேலை. சுடச்சுட இருக்கும் அச்சில் லேபிளை வைக்க வேண்டும். இயந்திரம் ஒரு தடவை அழுத்திவிட்டால் லேபிளும் தட்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்தான். நகத்தால் கீறினாலும் பிரியாது. அவள் விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து பல வருடமாகிறது.

நான்கு. மூன்று. இரண்டு.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலிடம் இளந்தென்றலுக்கு.

ஆக, பேருந்து நிலையம். கண்ணைத் திறக்க அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அறிவிப்பாளருக்கோ வாய் கொள்ளவில்லை. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒரு சின்ன விக்கல் வருகிறதாம். அதற்காகவே ஜனங்கள் தட்டை வாங்கித் தேய்க்கிறார்களாம். தென்றலைக் கேட்டதற்கு, "அன்னைக்குத் தொண்டை நல்லா இருந்துச்சு, கேட்டப்போ எனக்கே புல்லரிச்சுது," என்று அடக்கமாகச் சொன்னதாம்.

பாட்டு ஆரம்பித்தது.

பாவிப் பையன் நம்மை மாதிரியே பாடுகிறானே என்று முதலில் நினைத்தார். பிறகு விக்கல் வந்தது.

அவருக்குச் சந்தோஷம் வந்தால் விக்கல் வரும். சிறுவயதிலிருந்தே அப்படி. கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை முகம் ஒன்றில்கூடத் தெளிவாக விழவில்லை. ஒலிப்பதிவு அன்றும் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் ஒன்று கிளம்பியது. ஒலிப்பதிவுக்காரர் தண்ணீர் குடிக்கச் சொன்னாரே தவிர, மறுபடி பாடச் சொல்லவில்லை.

பாட்டைத் திருடலாம். குரலைக்கூடத் திருடலாம். அடுத்தவன் விக்கலை எவன் திருடுவான்?

"இந்தா பாரு, இது நான்!" நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "என் விக்கல்! முதலிடத்துல இருக்கிறது நான்தான்! உங்க ஆலையில எவளோ லேபிளை மாத்தி வச்சிருக்கா. அந்தப் பக்கத்து மிஷின்காரிதானே? அவளுக்கு எப்பவும் பராக்கு. நாளைக்கே முதலாளியைக் கூட்டிட்டு வந்து..."

மேற்கொண்டு பேச முடியவில்லை. விக்கல் பிடித்துக்கொண்டது.

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"அவ இல்லீங்க."

விக்கலுக்கு நடுவே அவர் அவளைப் பார்த்தார்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஓட்டிப் பாத்தாங்க. உங்களுதுல விக்கல் இருந்துச்சு. அந்தத் தம்பி பாடினது சுத்தமா, அவ்வளவு அழகா இருந்துச்சு." அவள் நறுக்கிய பீன்ஸை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "அதான், நல்லதுல உங்க பேரை வச்சேன்."

விக்கல் நின்றுவிட்டது.

அவர் நாற்காலியை நிமிர்த்தி, உட்கார்ந்தார். கோபப்படலாமா என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தார். யார் மேல் படுவது என்று தெரியவில்லை.

வானொலியில், நேயர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, பாட்டு மறுபடி முதலிலிருந்து கிளம்பியது.

இரண்டாவது சரணம் வருவதற்குள் அவள் எழுந்து பெட்டியை அணைத்தாள்.

அணைத்த பிறகும் விக்கல் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து. அதற்கடுத்த வீட்டிலிருந்து.