ஆஸ்பத்திரியில் துடக்கு

லொறி பின்பக்கமாக வந்து ஆஸ்பத்திரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

முன்னால் இருந்து இறங்கியவன் ரஜிதன், லீசிங் கம்பனிக்காரன். கறுப்பு வேட்டி, கழுத்தில் ஐயப்பன் மாலை, நெற்றி நிறையச் சந்தனம். கட்டில்களைப் பறிக்க வந்தவன் கற்பூரம் கொளுத்த வந்தவன் மாதிரி இருந்தான்.

பூநகரி வீதியில் இருந்த அந்தச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரி நொடித்துப்போய்விட்டது. டொக்டர் கடன்பட்டுக் கட்டில்களும் ஸ்கேன் மெசினும் எடுத்தார். வந்த நோயாளிகளோ மீனும் நெல்லும் கொடுத்துவிட்டு, மிச்சம் அறுவடைக்குப் பிறகு என்று சொல்லிப் போனார்கள். லீசிங் கம்பனி மீன் வாங்குவதில்லை.

இன்றைக்குக் கட்டில்கள் போனால் நாளைக்கு நோயாளி வீரையாவுக்குக் குடலிறக்க ஒப்பரேசன் இல்லை. பாவம் மனுசன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அந்தப் பஸ்ஸும் நினைத்தால்தான் வரும்.

தாதி விமலேஸ்வரி வாசலுக்கு ஓடிவந்தாள். மாலையைக் கண்டதும் மூளை வேலை செய்தது.

“சாமி, அங்கயே நில்லுங்கோ! உள்ளுக்கு இப்பதான் ஒரு பிள்ளை பிறந்தது. துடக்கு. மாலையோட வராதேங்கோ.”

ரஜிதன் படியில் வைத்த காலை எடுத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறக்காமல் பின்னே கோழியா பொரிக்கும் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மாலை போடாத நான் போய் ஏற்றுகிறேன் என்றான் லொறிச் சாரதி. லொறிக் கண்ணாடியிலும் ஐயப்பன் படம் இருக்கிறது, ஆகவே லொறிக்கும் துடக்கு ஆகாது என்று ரஜிதன் தீர்ப்புச் சொன்னான்.

சாரதி விடவில்லை. பிறந்த பிள்ளை அழவேண்டுமே என்றான்.

உள்ளே கிடந்தது அறுபது வயது வீரையா மட்டும்தான். அவர் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு அழத் தொடங்கினார்.

முதலில் குழந்தை மாதிரித்தான் இருந்தது. பிறகு ஆட்டுக்குட்டி மாதிரி ஆனது. கடைசியில், இவ்வளவு காலம் இழுத்த சுருட்டு சும்மா விடுமா, இருமல் பிடித்துக்கொண்டது.

எல்லாம் போச்சு என்று விமலேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

ரஜிதன் அந்த இருமல் முடியும்வரை மரியாதையாகக் காது கொடுத்துக் கேட்டான்.

“பிள்ளைக்குச் சளி போல,” என்றான்.

பிறகு மேலாளருக்குப் போன் எடுத்தான். மேலாளரும் மாலை போட்டவர். துடக்குக் கழியும்வரை ஒன்றிலும் கைவைக்கவேண்டாம் என்று அவர் பதறியது வெளியே கேட்டது.

லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. இப்படி ஒரு மொக்கனை லீசிங் கம்பனி எங்கே பிடித்தது என்று விமலேஸ்வரி சிரிப்பை அடக்கினாள்.

மொக்கன் போகவில்லை. வீதிக்கு அந்தப் பக்கம் நின்ற ஓட்டோவைப் பார்த்துக் கையைக் காட்டினான். அதில் இருந்து ஒரு பெண் இடுப்பைப் பிடித்தபடி மெல்ல இறங்கினாள். அவன் மனைவி கஜனி. நிறைமாதம்.

நிறைமாதக்காரியின் புருசன் மாலை போடுவதில்லை. அது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

விமலேஸ்வரி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ரஜிதன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

“மிஸ், பிள்ளைப்பேற்றுத் துடக்கு முப்பத்தொரு நாள்தானே? இவாவுக்கு வாற கிழமைதான் திகதி.”