தகரத்தில் போட்ட ஓட்டை

"ஆமா, ஓட்டைய நாந்தான் போட்டேன்" என்றான் ஆதிமூலம்.

அவ்வளவுதான், உப்பளம் பேட்டையில் அந்தத் தெருவே காறித் துப்பியது. துப்பாமல் என்ன செய்யும்? ஓட்டை இருந்தது தம்பி பெண்டாட்டி குளிக்கிற மூலையில்.

ஆதிமூலமும் தம்பி கோவிந்தராசுவும் ஒரே மில்லில் வேலை பார்த்தவர்கள். ஸ்டிரைக் வந்து மாசக்கணக்கில் இழுத்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் தம்பி வேலைக்குத் திரும்பிவிட்டான். அண்ணன் போகவில்லை, அவனுக்கு வேலையும் போச்சு. அன்றோடு பேச்சு அறுந்தது. அப்பா விட்டுப்போன ஒரே வீட்டை, நடுவில் தரையிலிருந்து கூரை வரைக்கும் தகரம் அடித்து ஆளுக்குப் பாதி ஆக்கிக்கொண்டார்கள்.

தகரம் அடித்த அன்றைக்கே கோவிந்தராசு தன் பெண்டாட்டி சந்திரகலாவிடம் சொல்லிவிட்டான்.

"இங்கேருந்து அந்தாண்ட ஒரு சொட்டு தண்ணி போச்சுன்னு தெரிஞ்சா, நீ உங்கம்மா வூட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

சொன்னால் செய்கிற ஆள்தான் அவன். அவளுக்கும் அது தெரியும்.

ஆதிமூலத்துக்குப் பெண்டாட்டி செத்து வருஷமாச்சு. பிள்ளைகுட்டி கிடையாது. கிடைத்த நாளில் கூலி வேலை, கிடைக்காத நாளில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவான். தனியாக இருக்கிற ஆம்பளை புத்தி எப்படிப் போகும் என்று தெருவுக்குத் தெரியாதா? இந்தத் தெருவுக்கு எல்லாம் தெரியும்.

அன்றைக்கு ஏதோ எலி செத்த நாற்றம் என்று, குளிக்கிற மூலையில் தொங்கிய சாக்கைத் தூக்கினான் கோவிந்தராசு. தடுப்புத் தகரத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு தலை நுழைகிற அளவுக்கு வட்டமாக ஓட்டை. அவசரத்தில் போட்டதல்ல, அளவெடுத்து வெட்டியது. விளிம்பு கையைக் கிழிக்காமல் இருக்கச் சைக்கிள் ட்யூபைப் பிளந்து சுற்றிலும் மாட்டியிருந்தது.

"மூஞ்சி கிழியக் கூடாதுன்னு ட்யூப் வேற போட்டுக்கிட்டான் பாரு" என்றார்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா கன்னியப்பன்தான் அந்தத் தெருவுக்குப் பெரிய மனுஷன். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசாரித்தார். போன மாசம் ஒரு மத்தியானம், கோவிந்தராசு ஷிப்டுக்குப் போயிருந்தபோது, டங்கு டங்கென்று தகரத்தை அடிக்கிற சத்தம் கேட்டதாக எதிர்வீட்டு மணியம்மாள் சாட்சி சொன்னாள்.

சந்திரகலா கதவோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஆதிமூலம் முந்திக்கொண்டு ஒப்புக்கொண்டுவிட்டான்.

"எதுக்குடா போட்ட?" என்று கேட்டார் சொல்தா.

"எதுக்குப் போடுவாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

கோவிந்தராசு எல்லார் முன்னாலும் அண்ணனைச் செருப்பால் அடித்தான். வாங்கிக்கொண்டான். இந்தத் தெருவில் இனிமேல் உன் கால் படக் கூடாது என்றார் சொல்தா. அதற்கும் சரி என்றான். ஒரு துணிப் பையோடு அன்று பொழுது சாயறதுக்குள் போய்விட்டான். எங்கே போகிறாய் என்று கேட்க ஒரு நாதி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவு. ஓட்டையை அடைக்கலாம் என்று கோவிந்தராசு தகரத் துண்டும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்துக்குப் போனான். அடுப்பில் சாம்பல்கூட இல்லை. பானையைக் கவிழ்த்து வைத்து எத்தனை நாள் ஆச்சோ, மேலே தூசி படிந்திருந்தது. இதைப் பார்த்தும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ட்யூபைப் பிடித்து உருவினான். சுருக்கென்று உள்ளங்கை கிழிந்தது.

குனிந்து பார்த்தான். வட்டத்தைச் சுற்றிலும் பல்பல்லாகப் பிசிறு, அத்தனையும் அண்ணன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டுத் தன் பக்கத்தைத் தடவினான். அங்கே வழவழவென்று இருந்தது.

தகரத்தில் உளியை வைத்து அடித்தால், அடிக்கிற பக்கம் அமுங்கும், பிசிறு எதிர்ப்பக்கம் பிதுங்கும். மில்லில் பிட்டராக இருக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓட்டை அண்ணன் வீட்டிலிருந்து போட்டதல்ல. இவன் வீட்டுக்குள்ளிருந்து போட்டது.

கை ரத்தத்தைத் துடைக்காமல் வந்து நின்றான். சந்திரகலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. இனி மறைக்க என்ன இருக்கிறது?

போன மாசம் நாலஞ்சு நாளாக அந்தப் பக்கம் அடுப்பு மூட்டுகிற சத்தமே இல்லை, தகரத்துக்கு அந்தாண்ட முனகல் மட்டும் கேட்டது, மனசு கேட்கவில்லை என்றாள். வாசல் வழியாகக் கொடுத்தால் தெரு பார்க்கும். அதனால் சோத்துத் தட்டைத் தகரத்தில் வைத்துக் கரியால் வட்டம் போட்டாளாம். ஆணியால் வரிசையாகக் குத்தி, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு உளியால் வெட்டினாளாம். வாங்குகிறவர் கை கிழியக் கூடாதே என்று ட்யூபையும் அவளேதான் மாட்டினாளாம்.

"எங்கம்மா வூட்டுக்கு அனுப்புறதுன்னா அனுப்பிடுங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும். மாமா முந்திக்கிட்டாரு."

அப்போதும் கோவிந்தராசுவின் புத்தி அதைத்தான் கேட்டது.

"ஒருநாளாவது... இந்தப் பக்கம் எட்டிப் பாத்தாரா?"

சந்திரகலா தலையை நிமிர்த்தி அவனை நேராகப் பார்த்தாள்.

"தட்டு வாங்குறப்பகூட அவரு மூஞ்சிய நான் பாத்ததில்ல. செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டு, கைய மட்டுந்தான் பின்னாடி நீட்டுவாரு."