பல்பு அம்மா

பார்சல் பெட்டியில் வந்த கோழி, வாத்துக் குஞ்சுகளில் பாதி, வரும் வழியிலேயே செத்திருந்தன. மிச்சத்தைக் கொட்டகையில் ஒரு பல்புக்கு அடியில் விட்டார்கள். மழையில் கரண்ட் போனதும் அவை அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நடுங்கின.

மூலையில் படுத்திருந்த செவலைக்கோழி, "இங்கே வாங்க, இறக்கைக்குள்ள இடமிருக்கு" என்று கூப்பிட்டது.

"அம்மாவை விட்டுட்டு வரமாட்டோம் அத்தை" என்றது வாத்துக்குஞ்சு.

"அது பல்பு."

"தூங்குறாங்க. எழுந்ததும் சூடாயிடும்."

"கண்ணாடிக்கு யாராவது பிறப்பாங்களா?"

"பெட்டி திறந்து நாங்க பிறந்தப்போ மேலே இவங்கதான் இருந்தாங்க. நீங்க எங்கே இருந்தீங்க?"

செவலைக்கு எரிச்சல் பொங்கியது. அதற்குள் சளி பிடித்த ஒரு குஞ்சு கழுத்தைத் தொங்கப்போட்டது. இதுகளோடு பேசி ஆகாது என்று முனகிக்கொண்டே போய், எல்லாவற்றையும் இறக்கையால் மூடி உட்கார்ந்தது. உள்ளேயிருந்து, இருட்டாக இருக்கிறது, நெருக்குகிறது என்று ஒரே புகார்.

கரண்ட் வந்தது. குஞ்சுகள் முண்டியடித்து வெளிச்சத்துக்கு ஓடின.

"பார்த்தீங்களா அத்தை, அம்மா எழுந்துட்டாங்க" என்றது வாத்துக்குஞ்சு.

நன்றாகத் திட்டத்தான் செவலை வாயைத் திறந்தது. அப்போது அடிவயிற்றில் ஏதோ அசைந்தது. சளிக்குஞ்சு மட்டும் வெளியே போகாமல் ஒட்டிக்கொண்டு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.

"சத்தம் போடாதீங்க, இங்கே ஒண்ணு தூங்குது" என்றது செவலை.