டிங்சர் இல்லாத பெட்டி

“பன்னெண்டு வருஷமா ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூட இல்ல. புதுப் பெட்டி வந்த ஒரே மாசத்துல முப்பத்தோரு காயமா?”

நாற்காலிப் பட்டறையின் மேனேஜர் முதலுதவிப் பதிவேட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டார். அவர் தலைக்கு மேலே, ‘விபத்தே இல்லாத பட்டறை’ என்று தலைமை அலுவலகம் கொடுத்த கேடயம் பளபளத்தது.

“பெட்டியில அப்படி என்னத்த மாத்தித் தொலைச்சீங்க?”

“டிங்சரையும் பஞ்சையும் எடுத்துட்டோம் சார்,” என்றார் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. “இப்ப காயத்துல எரியாத ஸ்ப்ரே, பிளாஸ்டர், கிளவுஸ். புது ரூல் அப்படித்தான்.”

“ராசியில்லாத பெட்டி. மத்தியானத்துக்குள்ள பழைய டிங்சர் அதுல இருக்கணும்.”

“வெச்சிடலாம் சார். அப்ப பேக்கிங் டேப்பும் பழையபடி மாசம் நாப்பது ரோல் வாங்கணும்.”

“நாப்பதா? இந்த மாசம் நாலுதானே செலவாச்சு?”

“நாற்காலிய பேக் பண்ண எப்பவுமே நாலுதான் சார். மிச்ச முப்பத்தாறும் டிங்சருக்குப் பயந்து ஆளாளுக்கு விரல்ல சுத்திக்கிட்டது.”

மேனேஜர் பதிவேட்டைப் பார்த்தார். நிமிர்ந்து கேடயத்தைப் பார்த்தார்.

“சரி, நாப்பதாவே வாங்கிடுங்க.”